நான்காவது வடிவம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், கடல் தாவரவியலின் போக்கையே மாற்றக்கூடிய கண்டுபிடிப்பு ஒன்று, ஓர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே நிகழ்ந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. மருந்துக் கம்பெனியில் கிடங்கு மேலாளர். கிடங்கில் அவர் பேச்சை அட்டைப்பெட்டிகூட மதிக்காது. அந்தக் குறை தீரத்தான் வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்த்தார். பவளத்தைவிட அவருக்குச் செல்லம், பாறைமேல் ஊதாவும் ரோஸுமாகப் படரும் சுண்ணாம்புப் பாசி. யார் வீட்டுக்கு வந்தாலும் பாடம் தொடங்கிவிடும்.

"பம்ப் மேல பெயின்ட் அடிச்ச மாதிரி ஒட்டியிருக்கே, அது ஓடு வடிவம். பாறையில முண்டு முண்டா இருக்கே, அது பரு வடிவம். குச்சி குச்சியா நிக்குதே, அது கிளை வடிவம்."

வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்பார்கள்.

இந்த நிலையில்தான் பாறைக்குப் பின்மூலையில் நான்காவது ஒன்று அவர் கண்ணில் பட்டது. குதிரை லாடம்போல் வளைந்து, வளைவு நெடுக அளவெடுத்து வைத்த முண்டுகளோடு, முழுக்க ஊதா. படம் எடுத்து மீன்தொட்டிச் சங்கத்துக்கு அனுப்பினார். டைல்ஸ் கடை முதலாளியான சங்கத் தலைவர் பூதக்கண்ணாடியோடு நேரிலேயே வந்துவிட்டார். அதை வெளியே எடுத்து, உள்ளங்கையில் ஏந்தி, மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சார், இது உலகத்துக்கே புதுசு. வளைவு வடிவம்! ஞாயித்துக்கிழமை கூட்டத்துல மேடையேத்தி உங்க பேரையே வெச்சுடலாம்."

மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஐம்பது வயதில் முதல் மேடை. அந்த நேரம் பார்த்து, சோபாவில் பாலில் ஊறிய ரொட்டியை விழுங்கிக்கொண்டிருந்த மாமனார் எழுந்து, அவரைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார்.

"மாப்பிள்ளை, அத மேடையேத்தாதீங்க."

"ஏன் மாமா?"

"அது என் பல்லு."

"என்னது?"

"பல் செட்டு. மேல் வரிசை. போன வருஷம் நீங்க நெஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் படுத்திருந்தீங்களே, அப்போ நான்தானே தினம் தொட்டிக்குத் தண்ணி ஊத்தினேன்? குனிஞ்சப்போ தும்மல் வந்துச்சு. போயிடுச்சு."

"உடனே எடுத்திருக்கலாமே!"

"'யாரும் உள்ள கைய விடாதீங்க, எல்லாம் செத்துடும்'னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு அழாத குறையா சொன்னது யாரு? பாசிக்கு ஒண்ணு ஆனா உங்களுக்கும் ஆயிடுமோன்னு நான் கையே விடல."

"நான் வந்தப்புறமாவது..."

"வந்ததும் தொட்டியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நின்னீங்க. புதுசு கேட்டா பழசு எங்கன்னு கேப்பீங்க. அதுக்குள்ள கிடக்குன்னு எந்த வாயால சொல்றது?"

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. மாமனாரின் தொங்கு மீசை மேல்வாயை மறைத்திருக்க, ஒரு வருஷத்து ஊறின ரொட்டியைக் கஞ்சத்தனம் என்றல்லவா நினைத்திருந்தார்! போதாக்குறைக்கு, தினமும் அவர் எதிரிலேயே உட்கார்ந்து வறுத்த கடலையைக் கடகடவென்று மென்று, "சாப்பிடுங்க மாமா, நெஞ்சுக்கு நல்லது" என்று உபதேசம் வேறு.

"சார், ஒரு டப்பா கிடைக்குமா?" என்று வரவேற்பறையிலிருந்து தலைவர் குரல் கொடுத்தார்.

டப்பாவைக் கொடுத்துவிட்டால் மேடை நிச்சயம். ஊதாப் பூச்சுக்குள் இருப்பது பல் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. மாப்பிள்ளை டப்பாவைக் கையில் எடுத்தார். மறுபடி அலமாரியிலேயே வைத்தார். வெளியே வந்தார்.

"தலைவரே, அது எங்க மாமாவோட பல் செட்டு. நான் சாகக் கிடந்தப்போ இந்தத் தொட்டிய உயிரோட வெச்சிருந்தவர் அவர்தான். வாயக் கட்டிக்கிட்டு வெச்சிருந்தார். பேர் வைக்கிறதா இருந்தா அவர் பேர வைங்க."

தலைவர் உள்ளங்கையைப் பார்த்தார். இருந்ததைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு, வாஷ்பேசின் எங்கே என்று கேட்டார்.

"ஏம்ப்பா, ஒரு வருஷமா பாசிக்குச் சிரிச்சுக் காட்டிக்கிட்டா இருந்தீங்க?" என்று மாப்பிள்ளையின் மனைவி தன் அப்பாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். மாமனாரும் சிரித்தார், ஈறு தெரிய. மாப்பிள்ளை மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவர் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

புதுப் பல் செட் வந்த அன்று, மாப்பிள்ளையே கடலை வறுத்துக் கொடுத்தார். பழையது தொட்டியிலேயே இருக்கிறது. இப்போது நட்டநடுப் பாறையில், விளக்குக்கு நேர்கீழே. ஆபீஸ் கிளம்புமுன் அதன் எதிரே ஒரு கணம் கைகட்டி நின்றுவிட்டுத்தான் போகிறார்.

வெளிச்சம் அதிகமாகி அதன்மேல் இப்போது சாதாரணப் பச்சைப் பாசி பிடித்துவிட்டது.