கீழே இறங்கிய அமரர்

சீர்காழி கடைத்தெருவில் வானதியின் கம்ப்யூட்டர் கடையில் அன்று இருந்தவர்கள் மூன்றே பேர்: கடைக்கார வானதி, முருகையன், அவருடைய அண்ணி அம்சம். அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் இப்போது பத்துப் பேராவது தேறுவார்கள். நம்ப வேண்டாம்.

அம்சத்தின் பேத்தி சுடர்விழிக்குக் கல்யாணம். பத்திரிகையை அவள் அப்பா தமிழ்மாறன் நாகப்பட்டினத்திலிருந்து வேர்டு ஃபைலாக அடித்து அனுப்பியிருந்தான். தஞ்சாவூர் அச்சகத்தில் அதைத் திறந்தால் எழுத்தெல்லாம் கலைகிறதாம். பிடிஎஃப்பாக மாற்றி அனுப்பச் சொன்னார்கள். அதற்குத்தான் காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தது. மணி ஒன்றாகிவிட்டது.

முருகையனுக்கு வேண்டியது ஒன்றுதான். கூலிக்கு நாற்றுப் பறித்த குடும்பத்தில் முதன்முதலில் தன் பெயருக்குப் பட்டா வாங்கியவர் அண்ணன் ஐயாவு. அவர் கண்ணை மூடி நாலு வருஷமாகிறது. முதல் வரியில் அவர் பெயர் உரிய மரியாதையோடு, ஒரு புள்ளி பிசகாமல் நிற்க வேண்டும்.

வானதி ஃபைலை, பிடிஎஃப்பாக மாற்றித் தரும் ஓர் இலவச வெப்சைட்டில் ஏற்றினாள். வட்டம் சுற்றியது. வந்ததை அச்செடுத்து, கொடுக்கத் தயங்கியபடி நீட்டினாள்.

முருகையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் வரி: திரு. ஐயாவு – திருமதி அம்சம். இரண்டாவது வரி: அமரர் திரு. முருகையன்.

“என்னம்மா இது? நான் உசிரோட உக்காந்திருக்கேன்.”

“தப்பா நெனைக்காதீங்க ஐயா. ‘அமரர்’ங்கிற வார்த்தைய மட்டும் தனியா ஒரு கட்டத்துல போட்டிருக்காங்க. மாத்தும்போது கட்டம் கழண்டு கீழ எறங்கிடுது.”

அம்சம் எட்டிப் பார்த்தாள். “அப்ப ராத்திரிக்குச் சோறு வேணாமா தம்பி, படையலே போட்டுடவா?”

“சும்மா இருங்க அண்ணி.”

கட்டத்தை மேலே இழுத்து வைத்து மறுபடி மாற்றினாள். மறுபடி இறங்கியது. மூன்றாம் தடவை மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போய், சம்பந்தியின் தலையில் உட்கார்ந்தது. அதற்குள் கரண்ட் போனது. வந்தபோது, இலவசமாக மாற்றும் அளவு முடிந்துவிட்டது, ஒரு மணி நேரம் பொறுக்கவும் என்றது வெப்சைட். முருகையன் முதுகை வளைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. பெரியவர் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை நிறுத்தி வைக்க இவ்வளவு பாடா என்று இருந்தது.

ஒரு மணி நேரம் கழிந்தது. “கட்டமே வேணாங்க ஐயா,” என்றாள் வானதி. “வரியிலேயே சேத்து அடிச்சிடறேன். இனிமே நகராது.”

“அதைச் செய்யி மொதல்ல.”

அம்சம் முதலில் எடுத்த தாளை மடியில் வைத்திருந்தாள். திரு. ஐயாவு – திருமதி அம்சம் என்ற இடத்தில் கட்டைவிரல் இருந்தது.

“அடிக்க வேணாம்மா,” என்றாள். “இது இப்படியே இருக்கட்டும் தம்பி.”

“ஊர் என்ன சொல்லும் அண்ணி? செத்தவர உசிரோட போட்டா மொறையா?”

“மொறை இல்லதான். நாலு வருசமா எந்தப் பத்திரிகையிலயும் அமரர்னு போடாம அவரு பேரு என் பேரு பக்கத்துல வரல. இதுல வந்திருக்கு. மிஷினு தானா போட்டது. நீங்க வேற எடுத்துடாதீங்க.”

முருகையன் அந்தத் தாளை வாங்கி மறுபடி படித்தார். வாசலில் திருவெண்காட்டுப் பஸ் நின்று ஆளேற்றிக்கொண்டு போனது. பிறகு தன் பெயருக்கு முன்னால் இருந்த சொல்லைக் காட்டி, “இதை மட்டும் எடு,” என்றார். “மேல எதுவும் அடிக்காத.”

பத்திரிகை அப்படியே அச்சாகி வந்தது.

வரப்புத் தகராறை மனதில் வைத்து, அண்ணனுக்கு அமரர் பட்டம்கூடக் கொடுக்காமல் முருகையன் வெட்டிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு தகராறு இருந்ததே இல்லை. அந்தச் சொல் வேண்டாம் என்றது அம்சம்.