அந்த மாடல் இப்போது வருவதில்லை

சாப்பாட்டு மேஜையில் மாமா, அக்காவின் கணவர், ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் முகம் நடுவிலேயே அணைந்தது. காதுக்குப் பின்னால் இருந்த கருவியை அழுத்தினாள், தட்டினாள், மறுபடி அழுத்தினாள். "என்ன சொன்னீங்க?" என்றாள். மாமா திரும்பச் சொன்னார். இரண்டாம் தடவை அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே காது போய்விட்டது. பிறகு அறுவைச் சிகிச்சை செய்து மண்டைக்குள் ஒரு சின்னப் பொருளை வைத்தார்கள். வெளியே மாட்டும் கருவி சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும். சண்டை வந்தால் அக்கா அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மாமாவைப் பார்ப்பாள். "சுவருக்காவது எதிரொலி இருக்கும், உங்க அக்காகிட்ட அதுவும் இல்ல," என்று அவர் என்னிடம் வந்து புலம்புவார்.

சர்வீஸ் சென்டரில் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இந்த மாடல் இப்ப வர்றதில்லைங்க. பார்ட்ஸும் நிறுத்திட்டாங்க." புது மாடல் உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகாது. உள்ளே இருப்பதை மாற்ற மறுபடி கத்தி வைக்கவேண்டும், அது இனி முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்கா குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். காது கேட்காதவளிடம் யார் கைக்குழந்தையை விட்டுப் போவார்கள்?

பழைய சாமான் விற்கும் இணையச் சந்தையில் தேடலாம் என்று யோசனை சொன்னது மாமாதான். பஸ் ஓட்டுகிறவர். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு போனில் தேடுவார். அபூர்வமாக ஒன்று தட்டுப்பட்டால் பக்கத்திலேயே 'விற்றுவிட்டது' என்று இருக்கும். அடுத்தவர்களுக்கு வலைச்செயலி எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. "விடுங்க மாமா, நான் ஒண்ணு செஞ்சு தர்றேன். யாராவது விக்கப் போட்ட நிமிஷமே நமக்கு மணி அடிக்கும்," என்றேன்.

பக்கத்தை எழுதுவது பெரிய காரியமில்லை. சந்தையின் தகவல் நேரடியாக வந்து சேர அவர்கள் அனுமதி வேண்டும். விண்ணப்பித்தேன். அனுமதி வரும்வரை மாதிரித் தகவலை வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். மணி அடிக்கிறதா என்று பார்க்க அந்த மாதிரியில் அக்காவின் மாடல் பெயரை நானே எழுதி வைத்தேன். மணி அடித்தது, திரையில் சிவப்பு எரிந்தது. மாமா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

"கெடச்சிருச்சா மச்சான்?"

"இல்ல மாமா. இது சும்மா. நான் போட்டது."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் அடிக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அனுமதி வந்தது. நிஜச் சந்தையோடு இணைத்தேன். பக்கம் வெறுமையாக நின்றது. எங்கோ பிழை என்று முதலில் நினைத்தேன். சைக்கிள் என்று போட்டுத் தேடினேன், மளமளவென்று கொட்டியது. கட்டில், கிதார், குழந்தைத் தொட்டில் எல்லாம் வந்தன. அக்காவின் மாடலைப் போட்டதும் மறுபடி வெறுமை. இணைப்பில் ஒரு குறையும் இல்லை. பிழையாக இருந்திருந்தால் சரிசெய்திருப்பேன்.

வாரங்கள் போயின. கருவியை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் அக்காவுக்குக் கேட்டது.

ஒருநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது மணி அடித்தது. அதே மாடல். எச்சில் கையோடு அழுத்தினேன். பக்கம் திறப்பதற்குள் விற்றுப்போயிருந்தது. விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம். ஒரு பெண் கூப்பிட்டார். இறந்துபோன தன் அப்பாவுடைய கருவி என்றார்.

"வாங்கினவரும் உங்கள மாதிரிதாங்க. கம்ப்யூட்டர்ல ஏதோ செஞ்சு வச்சு காத்துக்கிட்டு இருந்தாராம்."

"கேன்சல் பண்ண முடியாதாங்க?"

"அவர் பொண்ணுக்குங்க. இப்பதான் ஸ்கூல் சேத்திருக்காங்களாம்."

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் காப்பகத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி இரண்டு கையாலும் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தை எழுந்து உட்கார்ந்து அழுதது. எனக்கு வெளியே வரை கேட்டது. அக்கா போர்வையின் முனையை முனையோடு சேர்த்து நீவினாள். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு பெண் வந்து குழந்தையைத் தூக்கினாள். அக்காவின் முதுகை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள்.

உள்ளே போய் அக்காவின் தோளைத் தொட்டு நடந்ததைச் சொன்னேன். விரலைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"கேன்சல் பண்ணச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன்."

"கேட்டிருக்கக் கூடாதுடா. பச்சப் புள்ள." போர்வையை அடுக்கில் வைத்தாள். "நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்."

பிறகு கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "ஏதாவது பேசு," என்றாள். குரல் கொஞ்சம் உரக்க வந்தது. "வாயப் பாத்துப் புரிஞ்சுக்கப் பழகணும். மெதுவா பேசு."

அக்கா கண்ணெடுக்காமல் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் குழந்தைகள் ஒவ்வொன்றாக விழித்து வாயைத் திறக்கத் தொடங்கின.