பின்தெருத் தண்ணீர்

ஊரில் அவளைக் கேள்விக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் தவறாமல் வீடு வீடாகப் போய், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு உண்டா என்று விசாரித்தால் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கு அதுதான் வேலை. முன்தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர் வடிகட்டி கொடுத்தாயிற்று. பின்தெருவுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு தெருப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, பலன் உண்டென்று தெரிந்தால் ஊர் முழுக்கக் கொடுப்பார்கள். சீட்டுக் குலுக்கி எடுத்த முடிவு, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்தெருவில் அவள் தங்கை இருந்தாள். தங்கையின் கைக்குழந்தை வாடி வதங்கிக் கிடந்ததைப் பார்த்தபின் எந்தப் பாவிக்கு மனசு கேட்கும்? கிடங்கில் மிச்சமிருந்த வடிகட்டி ஒன்றைக் கமுக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். ஒரு வீடுதானே, என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நினைத்தாள்.

இன்று முழுகியது.

"ரெண்டு தெருப் பிள்ளைங்களும் ஒரே மாதிரி நல்லாத்தான் இருக்காங்க," என்றார் ஆய்வை நடத்தும் மேடம், பின்தெருவில் நடந்துகொண்டே. "வடிகட்டியால பிரயோஜனம் இல்லை. திட்டத்தை நிறுத்திடலாம்னு எழுதப் போறேன். கடைசியா ஒரு வீட்டை நேர்ல பாத்துடலாம்."

அவர் கை காட்டியது தங்கையின் வீட்டை. கேள்விக்காரிக்கு ஒன்று புரியவில்லை. ஒரே ஒரு வடிகட்டி ஒரு தெருவையே எப்படிக் குணமாக்கும்?

தங்கை சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"எந்தத் தண்ணிம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார் மேடம்.

"தெருக்குழாய்த் தண்ணிதாங்க. அப்படியே குடிப்போம்."

கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். எல்லாம் அக்காவைக் காப்பாற்றத்தான். கேள்விக்காரிக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி ஒன்று விடவும் தோன்றியது. நிற்க முடியாமல் சமையலறைக்குள் போனாள். பின்வாசலில் வடிகட்டித் தண்ணீர் பிடிக்கத் தெருப் பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்றிருந்தார்கள். அடக் கடவுளே, தெருவே சேர்ந்தல்லவா அவளிடம் மறைத்திருக்கிறது!

பின்னாலேயே வந்த தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லா வீட்லயும் பிள்ளை இருக்கேக்கா, எப்படி இல்லைன்னு சொல்றது? நீ வாயத் திறக்காத. வேலை போயிடும்."

வாயைத் திறக்காவிட்டால் வேலை மிஞ்சும். ஆனால் ஊரில் ஒரு தெருவுக்கும் இனி வடிகட்டி வராது. கேள்விக்காரி சமையலறைக் கதவை அகலத் திறந்தாள்.

"மேடம், கொஞ்சம் உள்ள வாங்க."

மேடம் வடிகட்டியைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார். "யார் குடுத்தது?"

"நான்தான். அதனாலதான் இந்தப் பிள்ளைங்களும் தேறிட்டாங்க. பிரயோஜனம் இல்லைன்னு மட்டும் எழுதிடாதீங்க."

"எழுத மாட்டேன்," என்றார் மேடம். "ஆனா உங்க வேலை இன்னியோட முடிஞ்சுது. இந்தத் தெருக் கணக்கும் இனி செல்லாது. வடிகட்டி இல்லாத வேற ஒரு தெருவைப் பிடிச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அதுவரைக்கும் அந்தத் தெருப் பிள்ளைங்க?"

"குழாய்த் தண்ணியத்தான் குடிக்கணும்," என்றார் மேடம், அவள் முகத்தைப் பார்க்காமல்.