செத்த மின்கலமும் சாகாத கரியும்

பொட்டாசியம் பேட்டரிக்குக் கரி செய்கிறவள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கரிக்காரி என்று பெயர். அவளுக்கு அதில் கோபமில்லை, உள்ளூரப் பெருமைதான். கணவர் தச்சர். அவர் பட்டறையில் விழும் மரத்தூளைக் காற்றுப் படாத உலையில் வறுத்துத்தான் கரி எடுத்தாள். பொட்டாசியம் அயனி கொஞ்சம் பருமனான ஆள். வழக்கமான பேட்டரியில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் அது போய்வந்தால் கிராஃபைட் உப்பி உடைந்துவிடும். இவள் கரியில் இண்டு இடுக்கு நிறைய, தாராளமாகப் புழங்கலாம்.

ஆனால் செய்த மின்கலம் ஒவ்வொன்றும் சில வாரங்களில் படுத்துவிட்டது. இன்று மாலையோடு உலையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடப் போவதாக ஆய்வுக்கூடத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தூள் மூட்டை இடத்தை அடைக்குது. வச்சிருக்கவா, தள்ளிடவா?" என்று காலையில் கணவர் கேட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. "சாயங்காலம் சொல்றேன். என் கரி மேல தப்பில்லைங்க."

"அதை உங்க சார்கிட்ட சொல்லு."

விறுவிறுவென்று வந்தவள், கடைசியாகச் செத்த மின்கலத்தைக் காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள் வைத்துப் பிரித்தாள். சோதனைக்காகக் கரிக்கு எதிரில் ஒரு துண்டு பொட்டாசியத்தை வைப்பது வழக்கம். மின்கலம் செத்தால் கரியை எடுத்து நுண்ணோக்கியில் குடைவார்கள். பொட்டாசியத்தை யாரும் ஏறெடுத்தும் பார்க்காமல் கழிவில் போடுவார்கள். அவளும் இத்தனை மாதம் அதையேதான் செய்தாள். இன்று அதைத் திருப்பிப் பார்த்தாள். வெண்ணெயாக வெட்டி வைத்த உலோகம் கறுத்துப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அதே கரிக்கு எதிரில் புதுப் பொட்டாசியத்தை வைத்து மூடி, சோதனைக் கருவியில் மாட்டினாள். மாலையில் தலைவர் வந்தபோது அவள் பதறாமல் திரையைக் காட்டினாள். புதிதில் பிடித்த அளவு மின்சாரத்தை மின்கலம் மறுபடியும் பிடித்திருந்தது.

"புதுக் கரியா?" என்றார் அவர்.

"நீங்க செத்துப்போச்சுன்னு சொன்ன அதே கரிதான் சார். துணைக்கு வச்ச பொட்டாசியத்தை மட்டும் மாத்தினேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. "அப்ப இதுக்கு முன்னாடி நாம கைகழுவின கரி எல்லாம்?"

"எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும் சார். முதல்ல என்னோடது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உலை உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே எதிர்ல பொட்டாசியத் துண்டு வேண்டாம். நிஜ பேட்டரியில வர்ற நேர்முனையையே வச்சு முழு பேட்டரியாவே செஞ்சு காட்டு."

வெளியே வந்ததும் கணவருக்குப் போன் போட்டாள். "ஏங்க, மூட்டையைத் தள்ளிடாதீங்க."

"நீ கிளம்பினதுமே நனையாத இடமாப் பாத்து உள்ள ஏத்தி வச்சிட்டேன்."

"அப்புறம் எதுக்குக் காலையில அப்படிக் கேட்டீங்க?"

"உனக்குக் கோபம் வந்தாத்தான் வேலை நடக்கும்."