எடைக்குப் போன நோட்டு

டிசம்பர் இரண்டாம் வாரம் என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே இரண்டே வரிகள். ‘பனிக்காலம் வந்தால் என் குரலே பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல் கேட்கிறது.’ அதற்குக் கீழே, ‘இது நீங்க எழுதுனதுதானே?’

நான் எழுதியதுதான். ஆனால் அது எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், மூன்று மாதம் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடந்தபோது ஒரு கெட்டி அட்டை நோட்டில் எனக்காக எழுதிக்கொண்டது. அந்த நோட்டு பீரோவின் அடித்தட்டில் இருந்தது. அதைத் திறந்து பார்க்கும் தைரியம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. கடிதத்தைப் படித்ததும் பீரோவைத் திறந்தேன். நோட்டு இல்லை.

விருதுநகரில் எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் கணவர் இஸ்மாயில் பருப்பு மொத்த வியாபாரி. மகள் நாதியா கல்லூரியில் படிக்கிறாள். மாடியில் கணவரின் அக்கா குல்சார் பேகம். என் மனம் நோவதற்குக் காரணமே நான் படிக்கிற புத்தகங்கள்தான் என்பது மதினியின் கட்சி. முதல் சந்தேகம் அவர் மேல்தான் போனது.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடும்போது, கதைக்காக எழுதியதுபோல அந்த வரியைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மதினி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். கணவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். நாதியா மட்டும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அன்று மாலை அவள் குளிக்கப் போனபோது அவளுடைய போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே சந்தேகத்தைக் கூட்டியது, அழித்திருப்பாளோ என்று. கடிதம் வந்ததிலிருந்து நான்கு நாள் நான் எழுதவில்லை, படிக்கவில்லை. வீட்டில் யார் மெதுவாகப் பேசினாலும் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது.

இத்தனைக்கும் நவம்பர் மாதம்தான் ஒரு பத்திரிகையில் குளிர்காலமும் வாசிப்பும் பற்றி எழுதியிருந்தேன். காலை வெயிலில் மொட்டை மாடியில் உட்காருங்கள், இஞ்சி டீ குடியுங்கள், பிடித்த புத்தகத்தை எடுங்கள், மனசு தானாகத் தெளியும் என்று. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள்தான் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தைக் கவனித்தேன். பாதி அச்சாகி வீணான வெடி லேபிள் அது. எங்கள் வீட்டில் அந்தக் காகிதம் வர வழியில்லை. சிவகாசிப் பக்கம் அது குப்பை மாதிரிக் கிடக்கும். அப்படியானால் நோட்டு வெளியே போயிருக்கிறது. கணவரிடம் நேராகவே கேட்டேன்.

அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு சொன்னார். “நீ மதுரையில ஆஸ்பத்திரியில இருந்தப்ப பீரோவத் தொறந்தேன். ரெண்டு பக்கம் படிச்சேன். அதுக்கு மேல முடியல. அதை வீட்டுல வச்சிருக்கவே பயமா இருந்துச்சு. பழைய பேப்பரோட எடைக்குப் போட்டுட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, இரண்டு வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் என்பது உறைத்தது. அன்று அவரிடம் நான் பேசவில்லை.

பழைய பேப்பர் கடைக்காரர், தன் லோடு நாரணாபுரத்தில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் ஒரு கொட்டகைக்குப் போவதாகச் சொன்னார். மறுநாள் காலை தனியாக சிவகாசி பஸ் ஏறினேன். ஆமத்தூர் தாண்டும்வரை பனி விலகவில்லை. வழியெல்லாம் ஒரே யோசனை. என்ன கேட்கப்போகிறார்கள்? பணமா? படித்ததை ஊரில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவார்களா?

கொட்டகையில் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பசை தடவிக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இங்கே புத்தகம் படிக்கிறவர் யார் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு கடைசியில் இருந்தவரைக் காட்டினார்கள். என் வயதுதான் இருக்கும். பெயர் மாரித்தாய். நான் என் பெயரைச் சொன்னதும் சுற்றிக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“போலீசோட வந்திருக்கீகளா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ஏன் பெயர் போடாமல் எழுதினாய் என்று கேட்டதற்கு, இந்தப் பயம்தான் என்றாள். கிழிக்க எடுத்த நோட்டாம். முதல் பத்துப் பக்கம் குழாயில் போய்விட்டதாம். பதினோராம் பக்கத்தில் கண் ஓட, அப்படியே இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். மூன்று வருடங்களுக்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வெடி ஆலை விபத்தில் அவள் தங்கை இறந்துபோனாள். அதிலிருந்து கார்த்திகை பிறந்தாலே நெஞ்சுக்குள் ஏதோ அமுக்குகிறது, சோறு இறங்குவதில்லை. அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தவளுக்கு என் நோட்டு கிடைத்திருக்கிறது. அட்டையின் உட்பக்கத்தில் என் பெயரும் விலாசமும் இருந்தன. நவம்பரில் அதே பெயரைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறாள்.

“நோட்டுல எளுதுனவுக வேற ஆளு மாதிரியும், பத்திரிகையில எளுதுறவுக வேற ஆளு மாதிரியும் இருந்துச்சுக்கா,” என்றாள். “நான் அம்புட்டு நாளு வெயில்ல உக்காந்து பார்த்தேன். டீ குடிச்சேன். எனக்கு ஒண்ணும் தெளியல. நெசமாவே நீங்க நல்லா ஆயிட்டீகளா, இல்ல சும்மா எளுதுறீகளா?”

என்னைச் சந்தேகப்பட்டு ஒருத்தி இவ்வளவு நாள் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவள் சந்தேகம் சரியானது.

“மாத்திரை சாப்பிடுறேன்,” என்றேன். “ரெண்டு வருசமா, தினமும். பத்திரிகையில அதை எழுத எனக்கு வெட்கமா இருந்துச்சு. குளிர்காலம் இன்னமும் கஷ்டம்தான். ஆனா எந்திரிச்சு நடமாடுறேன், படிக்கிறேன்.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு, அந்த மாத்திரை யார் கொடுப்பார்கள் என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து நாதியாவிடம் போனைப் பார்த்ததைச் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கும் கணவருக்கும் இடையில் இருந்த இறுக்கம் தளர அதைவிட அதிக நாள் ஆனது. பத்திரிகைக்கு இன்னொரு கட்டுரை எழுதி அனுப்பினேன். இந்த முறை மாத்திரையைப் பற்றியும் எழுதினேன்.

அடுத்த புதன்கிழமை மாரித்தாயும் நானும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். சில பக்கங்களைத் தாண்ட முடியாமல் இன்னும் படித்து முடிக்கவில்லை என்றாள். முடித்துவிட்டுத் தா என்று திருப்பிக் கொடுத்தேன். உள்ளே டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டார். மாரித்தாய் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவர் சீட்டில் எழுத ஆரம்பித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

“என்ன எளுதுறீகன்னு வாசிச்சுக் காட்டிருங்கம்மா,” என்றாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, வரி வரியாக வாசித்துக் காட்டினார்.