பெரட்டில் ஒரு பெயர்

அது 2003ஆ, அடுத்த வருடமா என்று எனக்கு நிச்சயமில்லை. இலங்கை மலையகத்தில், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அங்கே கொழுந்து பறித்த மாரியாயியின் மகள் சுகந்திக்கு லண்டனில் படிக்க இடம் கிடைத்தது, விசா கிடைக்கவில்லை. படித்து முடித்துத் திரும்பி வருவதற்கு ஊரில் அவளுக்கு என்ன பிடிமானம் இருக்கிறது என்று கேட்டு மறுத்துவிட்டார்கள். மாரியாயி கடிதத்தைத் தோட்ட ஆபீசுக்கு எடுத்துப் போனாள்.

"நீங்க குடியிருக்கிற லயமும் தோட்டத்தின்ர, காணியும் தோட்டத்தின்ர," என்றார் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் குமாரசிங்கம். "வேலையெண்டாலும் இருக்கோணும். பிள்ளையைக் கொழுந்தெடுக்கப் பதிவம். மூண்டு வருச லீவு குடுத்ததெண்டு எழுதித் தாறன்."

"அது பொய்யில்லீங்களா ஐயா?"

"தினமும் பேரைக் கூப்பிட்டா எப்பிடிப் பொய்யாகும்?"

சுகந்தி ஒரு வாரம் கொழுந்து பறித்தாள். கிளாக்கரின் கடிதத்தோடு மறுபடி விண்ணப்பித்ததும் விசா வந்தது, போய்விட்டாள்.

அதன்பிறகு விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது கங்காணி, "சுகந்தி" என்று கூப்பிடுவார்.

"லீவுங்க," என்பாள் மாரியாயி.

"லண்டன்ல இன்னிக்கு எத்தன கிலோவாம்?" என்று பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள்.

மூன்று வருடம் முடிந்த காலையில் கங்காணி பெயரைக் கூப்பிடாமல் நின்றார்.

"பேர வெட்டிரவா மாரியாயி?"

கொழுந்துக் கூடைகளில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"லீவுங்க," என்றாள்.

சுகந்தி திரும்பி வரவில்லை. அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டாள். குமாரசிங்கம் ஓய்வுபெற்றுச் சாவகச்சேரிக்குப் போனார். கங்காணி இறந்துவிட்டார். மாரியாயி வேலையிலிருந்து நின்றுவிட்டாள். புதுக் கங்காணி இன்னமும் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார். யாராவது ஒருத்தி லீவு என்கிறாள்.