தாருக்கு அடியில் என்ன நிறம்

1

இந்தக் கதை ஈப்போவில் ஒரு கிளினிக்கில் பிறந்தது. டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்க்க என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முள் வட்டத்தை விட்டே வெளியே குதித்தது. (குதிக்கவில்லை. குதித்திருக்கலாம்.) என் ரத்தத்தில் இருந்த சர்க்கரைக்கு எங்கள் குனோங் ராபாட் வட்டாரம் முழுக்கத் தேநீர் ஆற்றியிருக்கலாம். கடைசியாகக் கால்விரல் புண்ணைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை, கூரையில் ஒரு பல்லி சுவாரசியமாக இருந்தது.

"இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, அங்கிள்" என்றார்.

வீட்டுக்கு வந்து காலுறையை மாட்டிக்கொண்டு கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா விளக்கியது இது. சிவப்பணு மெத்தென்று இருக்குமாம். தன்னைவிடக் குறுகலான குழாயிலும் நெளிந்து புகுந்துவிடுமாம். சர்க்கரை மிஞ்சினால் விறைத்துப்போகும், ஒன்றோடொன்று ஒட்டும். அழுத்தம் மிஞ்சினால் குழாயின் சுவர் தடித்துப்போகும். தலையாட்டினேன். ஆனால் அழுத்தம் அதிகம் என்றால் ரத்தம் வேகமாகத்தானே ஓடவேண்டும்? விரலுக்கு ஏன் போய்ச் சேரவில்லை? கேட்க வெட்கம்.

2

முதல் தொடக்கம்: 'ஒரு சிவப்பணு இதயத்திலிருந்து புறப்பட்டு'

வேண்டாம். அதற்கு முகமில்லை, வாயில்லை, கருகூடக் கிடையாதாம். கரு இல்லாத பாத்திரத்தை வைத்து நான் என்ன செய்ய?

3

இரண்டாம் தொடக்கம். 1926. தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். (எனக்கு அந்த ஊர் மனநல ஆஸ்பத்திரிதான் சரி என்று என் பிள்ளைகள் சொல்வதுண்டு. குழப்பம் முற்றினால் நடந்தே போய்விடலாம்.)

அங்கே அப்பாவு பால் வெட்டுகிறான். அவன் வருவதைக் கண்டாலே மரங்கள் தாமாகச் சொட்டும். வலது காலில் ஒரு புண், ஆறவே இல்லை. அவன் சிறுநீர் கழிக்க ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்க்கிறது. (எறும்பு ஊர்வலத்தால் ரயில் நின்றதாக எழுதியிருந்தேன். என் மனைவி மங்களம் போகிற போக்கில் அந்த வரியை அடித்துவிட்டாள்.)

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் பெரியநாயகம், அவன் கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்க்கிறார். அந்தக் காலத்துத் தோட்டத்தில் அப்படி ஒரு கருவி இருந்ததா? தெரியாது. நான் கொடுத்துவிட்டேன்.

"ரொம்ப ஏறிக் கெடக்குப்பா. ஈப்போவுக்குப் போயிடு" என்கிறார்.

அப்பாவுவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதுதானுங்களே டிரசரய்யா. வெயில் ஏறுமுன்ன மரமும் அப்படித்தான இருக்கும்? அப்பத்தான பால் பீச்சிக்கிட்டு வரும்."

"நீ மரமில்லப்பா."

"மரத்த விடவா மோசமாப் போயிட்டேன்?"

தொழிலாளர் லயத்துக்குத் திரும்பி, மரத்தின் வெட்டுக்காயத்துக்குப் பூசுகிற தாரை எடுத்து, புண்ணோடு சேர்த்து விரல்கள் எல்லாவற்றுக்கும் பூசிக்கொண்டான். மரத்துக்கு ஆறுகிறதே.

4

இங்கே மாட்டிக்கொண்டேன். அவன் சொல்வது எனக்கும் நியாயமாகப் படுகிறது. அவனை மறுக்க ஆள் வேண்டுமென்று அவன் மனைவி நவமணியை வரவழைத்தேன். வந்தவள் என்னைக் கேட்காமலே பேசினாள்.

"உள்ள முட்டிக்கிட்டு இருந்தா போதுமா? வெட்டுவாயில ஒட்டுப்பால் உறைஞ்சு கட்டிக்கிச்சுன்னா கீழ மங்குக் கிண்ணத்துல சொட்டுமா?"

ஆகா, புரிந்துவிட்டது என்று துள்ளினேன். பின்னாலிருந்து தள்ளுவது ஒன்று, முன்னால் வழி விடுவது இன்னொன்று. உடனே மறுபடி குழம்பினேன். ரத்தம் அங்கே பாலைப்போல் உறையவில்லையே. நெளிய முடியாமல் அல்லவா நெருக்கியடிக்கிறது? டாக்டரம்மா படித்தால் சிரிப்பார். சிரிக்கட்டும், நவமணி காத்திருக்கமாட்டாள்.

அவள் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அவன் விரல்களைத் துடைக்கிறாள். தார் கரைந்து துணி கறுப்பாகிறது. பெருவிரல் வெளுத்தது. அடுத்ததும் வெளுத்தது. சுண்டுவிரலை அழுத்தித் தேய்த்தாள். துணியில் மேற்கொண்டு எதுவும் வரவில்லை. விரல் கறுப்பாகவே இருக்கிறது.

"வலிக்குதா?"

"இல்லியே. நல்லாத்தான் இருக்கு."

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு, மாட்டுவண்டி பிடிக்க ஓடுகிறாள்.

5

முடிவு அ: வண்டி, ரயில், ஈப்போ. விரல் போகிறது, கால் தங்குகிறது. இன்சுலின் கண்டுபிடித்துச் சில வருசம் ஆகியிருந்தது. இங்கே வந்திருந்ததா தெரியாது. வேண்டுமானால் ஐஸில் வைத்து ஒரு புட்டியை நானே அனுப்பிவைக்கிறேன்.

முடிவு ஆ: மறுநாள் விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்கு நொண்டிக்கொண்டே போகிறான். ஒரு மாதத்தில் அவன்

எழுத வரவில்லை.

மங்களம் தோளுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறாள். இவ்வளவு நேரம் நின்றது எனக்குத் தெரியாது.

"அந்த மனுசன வண்டியில ஏத்துங்க லா" என்றாள். "ஏத்திட்டு காலுறையக் கழட்டுங்க, பாப்போம். இந்த வெயில்ல வீட்டுக்குள்ள எவன் காலுறை போடுவான்?"

ஒரே ஒரு பத்தி என்று கெஞ்சினேன். அவள் வெளியே போய்க் காரை முடுக்கிவிட்டாள்.

அப்பாவு நல்ல காலை வண்டியில் வைத்துவிட்டான். மற்றது இன்னும் தரையில். நான் எழுதினால் ஏறுவான், எழுதாவிட்டால் அப்படியே நிற்பான். ஹார்ன் அடிக்கிறது. வாசகரே, அவனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் குனிந்து என் காலுறையின் விளிம்பைப் பிடித்திருக்கிறேன்.